‘ஓலா’ சொல்லப் பழகிய கதை

வாயை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற தொழில் கால்சென்டர். வாடகைக்கு எடுத்தவர் அதை இடித்துக் கட்டினாலும் நாம் வாய் திறக்கக் கூடாது. ஹெட்செட் மாட்டிக் காதுமடல் சிவந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கோபம் இன்னும் தீரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் இருந்தேன். வீடு சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டி. பெயர் கதீஜா, கம்பெனியில் ‘கேத்தி’. சேர்ந்ததும் இரண்டு மாதம் அமெரிக்க இங்கிலீஷ் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே எம்.டி.ஐ. என்று ஒரு வியாதி உண்டு. தாய்மொழி வாடை என்று அர்த்தம். நம் ‘ர’ வந்தால் மார்க் போகும், நம் ‘த’ வந்தால் மார்க் போகும். வாடையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ‘வாட்டர்’ என்பதை ‘வாரர்’ என்று சொல்லப் பழகி, நானும் தேறினேன். வீட்டில் அத்தாவிடம் தண்ணீர் கேட்கும்போதுகூட நாக்கு சுருண்டுகொண்டது.

அப்புறம் டெக்சாஸில் இருக்கும் கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுக் கொடுக்கும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. கூப்பிடுகிறவர்களில் நிறையப் பேருக்கு ஸ்பானிஷ்தான் தெரியுமாம். ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கினார்கள். யாரிடம் தமிழ் வாடை குறைவாக இருந்ததோ அவர்களைத்தான் பொறுக்கினார்கள். நன்றாகக் கவனியுங்கள், இந்த ஒரு முடிவில்தான் எல்லாக் கூத்தும் ஆரம்பித்தது.

ஐந்து எழுத்து, இரண்டு மணி நேரம்

எங்களுக்கு வாத்தியார் பிரேம் சார். நல்ல உயரம், நல்ல சட்டை, எட்டு வாரம் சி.டி. போட்டுக் கேட்டுத் தானே படித்த ஸ்பானிஷ். அதுவும் இங்கிலீஷ்காரர்களுக்காக இங்கிலீஷ்காரர் செய்த சி.டி. ‘ஓலா’ என்று வணக்கம் சொல்லிவிட்டு, முதல் நாள் உயிரெழுத்தை ஆரம்பித்தார். ஸ்பானிஷில் ஐந்தே ஐந்துதான்: ஆ, ஏ, ஈ, ஓ, ஊ. எங்கே வந்தாலும் அதே ஒலி. இங்கிலீஷ்காரருக்கு இது கஷ்டம். அவர் ‘நோ’ என்று சொன்னால் கடைசியில் வாய் குவிந்து ‘நோஉ’ என்று முடியும். அதை எப்படித் தவிர்ப்பது என்று பிரேம் சார் படம் போட்டு விளக்கினார். கண்ணாடியைக் கையில் கொடுத்து வாயைப் பார்க்கச் சொன்னார்.

பன்னிரண்டு பேரில் கடைசியாகச் சேர்ந்தவன் சுகுமார். தமிழ் வாடை அதிகம் என்று அவனை முதலில் கழித்திருந்தார்கள். ஒரு பெண் வேலையை விட்டதால் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தான். சொந்த ஊர் கேளம்பாக்கம் என்றாலும் வளர்ந்தது ராயபுரத்து மாமா வீட்டில். பேச்சு அப்படித்தான் இருக்கும். இரண்டு மணி நேரம் கண்ணாடியைப் பார்த்த பிறகு கையைத் தூக்கினான்: “சார், இன்னா சார் இது, ஆ, ஏ, ஈ, ஓ, ஊ தானே, இத்த எங்க டீச்சரு ஒண்ணாங்கிளாஸ்லயே முடிச்சிட்டாங்களே சார்.”

அவனை அன்று மத்தியானம் வரைக்கும் வெளியே நிற்க வைத்தார்கள். இருபத்து மூன்று வயது ஆம்பிளையை.

ஃபாரின் ‘ர’

இரண்டாவது வாரம் ‘ர’. ஸ்பானிஷில் இரண்டு ர உண்டு. ஒன்று நாக்கு நுனி மேலே ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு வருவது. ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. இன்னொன்று தொடர்ந்து உருள்வது; ‘பெர்ரோ’ என்றால் நாய். முதல் ர நம் ‘மரம்’ என்பதில் இருக்கிறது. இரண்டாவது, ஆட்டோ ஓட்டுகிற மாதிரி விளையாடும் எந்தக் குழந்தை வாயிலும் இருக்கிறது. ஆனால் எங்கள் பன்னிரண்டு வாயில் பதினொன்றிலிருந்து அந்த இரண்டு ர-வையும் அதே கம்பெனிதான் பிடுங்கிப் போட்டிருந்தது.

பிரேம் சார் வழி வேறு. அமெரிக்கர் ‘பாட் ஆஃப் டீ’ என்று வேகமாகச் சொன்னால் நடுவில் ர மாதிரி ஒன்று கேட்குமாம். அதைச் சொல்லிச் சொல்லி, ‘உனக்காக’ என்று அர்த்தம் வரும் ‘பாரா தீ’க்கு வர வேண்டும். மத்தியான வெயிலில் மூடிய அறைக்குள் பன்னிரண்டு தமிழர்கள், ஒரு ர-வுக்காக, ‘பாட் ஆஃப் டீ, பாட் ஆஃப் டீ’ என்று கத்திக்கொண்டிருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. “சார், இது ‘மரம்’ சார்” என்று சொல்லி, வீட்டில் பேசுகிற ர-வைப் போட்டு ‘பாரா தீ’ என்று சொல்லிக் காட்டினேன். சி.டி.யில் இருந்த பெண் குரல் எப்படிச் சொன்னதோ அப்படியே வந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. பிரேம் சார் என் தாளில் ‘தமிழ் ர’ என்று எழுதி வட்டம் போட்டார்.

“கேத்தி, ரொம்பத் தமிழா கேக்குது. கொஞ்சம் ஃபாரினா சொல்லு.”

தொண்டைச் சத்தம்

ஸ்பானிஷில் ‘ஜே’ எழுத்து ஜ இல்லை. தொண்டையின் மேல்பக்கம் லேசாக உரசிக்கொண்டு வரும் காற்று அது. சி.டி.யைக் கேட்டால் தெரியும். பிரேம் சார் அதை இங்கிலீஷ் ‘ஹ’ என்று சொல்லிக் கொடுத்தார். எனக்கு அந்த உரசல் ஆறு வயதிலிருந்தே தெரியும். சின்ன வயதில் மதரஸாவில் ஓதும்போது அந்த எழுத்து சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். என் பெயரின் முதல் எழுத்தே அதுதான். அம்மா என்னைக் கூப்பிட்டால் அந்த உரசலோடுதான் கூப்பிடுவார். எனவே ‘ஹோர்ஹே’ என்ற பெயரை அன்று சி.டி. சொன்னபடி உரசிச் சொன்னேன். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தர், ‘அரபு கிளாஸ் எப்ப ஆரம்பிச்சாங்க?’ என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பிரேம் சாரும் சிரித்தார்.

அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன். சாயங்காலம் எங்கள் டீம் லீடர் ஷீலா மேடம் கூப்பிட்டனுப்பினார். நல்லவர்தான், உடம்பு சரியில்லை என்றால் லீவு கொடுப்பார். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, எனக்கு ஏதோ உதவி செய்கிற முகத்தோடு சொன்னார்: “அந்தத் தொண்டைச் சத்தம் மட்டும் வேண்டாம்மா. அமெரிக்கால இப்ப இருக்கிற நிலைமையில கஸ்டமர் வேற மாதிரி நினைச்சுக்குவாங்க.”

மெக்சிகோவில் பிறந்தவர் தன் சொந்த மொழியின் எழுத்தைக் கேட்டு ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கோபம் ஷீலா மேடத்தின் மேல் பாதி, என் மேல் பாதி.

நெளிகோடு

எங்களுக்குக் கொடுத்த ஸ்கிரிப்ட் இங்கிலீஷ் கம்ப்யூட்டரில் அடித்தது. ஸ்பானிஷில் ‘என்’ எழுத்தின் தலையில் சின்னதாக ஒரு நெளிகோடு போட்டால் அது ‘ஞ’. கோடு இல்லாவிட்டால் வெறும் ‘ந’. எங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் கோடு வரவில்லை என்று விட்டுவிட்டார்கள். ‘ஆஞோஸ்’ என்றால் வருடங்கள். ‘ஆனோஸ்’ என்றால், மன்னிக்கவும், ஆசனவாய்கள். ஒவ்வொரு நோயாளியிடமும் வயது கேட்க வேண்டும். அகராதியைப் பார்த்துவிட்டு நான் இரண்டு முறை மெயில் எழுதினேன். ‘நோட்டட்’ என்று பதில் வந்தது.

சாயங்கால ஷிஃப்ட், அங்கே காலை. என் பக்கத்து சீட்டில் திவ்யா, செம்பாக்கத்துப் பெண், தாள் பார்த்து ஒரு எழுத்து மாறாமல் படிக்கிறவள். வயதான ஒரு பாட்டிம்மாவிடம் தாளில் இருந்தபடியே, உங்களுக்கு எத்தனை ஆனோஸ் என்று கேட்டுவிட்டாள். அந்தப் பக்கமிருந்து ரொம்ப மரியாதையாக ஒரு பதில் வந்தது: “ஊனோ, மிஹா, கோமோ தோதோஸ்.” ஒன்றுதான் மகளே, எல்லோரையும் போல.

இதில் சிரிப்பதற்கு இடம் இருக்கிறது, நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ரெக்கார்டிங்கை மறுநாள் மீட்டிங்கில் ஸ்பீக்கரில் போட்டார்கள். அறுபது பேர் முன்னால். திவ்யா எழுந்து பாத்ரூமுக்குப் போய் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. தப்பு ஸ்கிரிப்டில், தண்டனை படித்தவளுக்கு. ஒரு வாரம் அவளைப் போன் எடுக்க விடவில்லை. என் இரண்டு மெயிலையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஷீலா மேடத்திடம் போனேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “ஒரு நெளிகோட்டுக்கு இவ்ளோ சீன் போடணுமா, கேத்தி?”

கேத்தி யார்?

இது சின்னது. பேஞா என்ற ஒரு அம்மா. ரத்தப் பரிசோதனைக்கு நேரம் கேட்டார், கொடுத்தேன். வைப்பதற்கு முன், உன் பெயர் என்ன என்றார். கேத்தி என்றேன். உண்மைப் பெயரைக் கேட்டேன் என்றார். அன்று என்ன தோன்றியதோ, என் அம்மா கூப்பிடுகிற மாதிரி, முதல் எழுத்தைத் தொண்டையில் உரசிச் சொன்னேன். அவர் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருடத்தில் வெளியாள் வாயில் என் பெயர் முழுசாக வந்தது அன்றுதான். கம்பெனிப் பெயரை விட்டுச் சொந்தப் பெயரைச் சொன்னதற்கு அந்த மாதம் எனக்கு மார்க் வெட்டினார்கள். வெட்டட்டும். அந்த அம்மா சொன்னது இது: “கே போனீத்தோ. இவ்வளவு அழகான பேரை வச்சுக்கிட்டு ஏன் ஒளிஞ்சுக்கிறே?”

இரண்டும் பன்னிரண்டும்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். இதில் குற்றவாளி நான்தான்.

போன் எடுக்கத் தொடங்கிய பிறகும் பயிற்சி ஓடிக்கொண்டிருந்தது; அதன் ஃபைனல் டெஸ்ட் வந்தது. தேறாவிட்டால் வேலை இல்லை. அத்தாவுக்கு அப்போது உடம்பு முடியாமல் கடையைச் சாத்தியிருந்தார். என் சம்பளம்தான் வீடு. எனவே பிரேம் சார் சொன்னபடியே, தமிழாகக் கேட்காமல், ஃபாரினாகப் பேசப் பழகினேன். வார்த்தை முடிவில் வரும் உயிரை விழுங்கினேன். ‘த’ வர வேண்டிய இடத்தில் ‘ட’ போட்டேன். டெஸ்டில் முதலாவதாக வந்தேன். ஸ்பானிஷில் இரண்டுக்கு ‘தோஸ்’. பன்னிரண்டுக்கு ‘தோசெ’. நாம் காலையில் சட்னி தொட்டுச் சாப்பிடுகிறோமே, கிட்டத்தட்ட அதே சத்தம். நான் பன்னிரண்டையும் ஃபாரினாக ‘டோஸ்’ என்றேன்.

ஒரு பெண், ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்பவர். மூன்று வயதுப் பிள்ளைக்குக் காதில் சீழ். பன்னிரண்டு மணிக்கு நேரம் கொடுத்தேன். அவர் காதில் இரண்டு என்று விழுந்திருக்கிறது. அரை நாள் லீவு போட்டு, காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, இரண்டு மணிக்குப் போய் நின்றிருக்கிறார். டாக்டர் கிளம்பிவிட்டார். அடுத்த நேரம் நான்கு நாள் கழித்து. அவர் திரும்பக் கூப்பிட்டபோது போன் என்னிடமே வந்தது. கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. பின்னால் பிள்ளை அழுகிற சத்தம். கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்: “வயசானவங்க, குழந்தைங்க எல்லாம் கூப்பிடுற இடம்மா இது. சொல்லத் தெரியாதவங்களை ஏன் போன் எடுக்க வைக்கிறாங்க?”

எனக்குச் சொல்லத் தெரியும், சொல்லக் கூடாது என்று விட்டுவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? மேலதிகாரியைக் கெஞ்சி, மறுநாளே அந்தப் பிள்ளைக்கு வேறு கிளினிக்கில் இடம் பிடித்தேன். அந்த வாரம் நான் பன்னிரண்டு மணி கொடுத்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ‘தோசெ, தோசெ, பகல் பன்னிரண்டு’ என்று சொன்னேன். அனுமதி இல்லாமல் போன் போட்டதற்கு மெமோ வந்தது. சுகுமார் அதை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னான்: “தோசைய தோசைன்னு சொன்னதுக்கு மெமோ குடுத்த மொத கம்பெனி இதான்.”

தமிழ்த் தாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதினேன். தொலைந்துபோன நெளிகோடெல்லாம் ‘ஞ’ ஆனது. ஒரு தட்டு ர-வுக்கு ‘ர’, உருளும் ர-வுக்கு ‘ர்ர’. உரசலுக்கு ‘ஹ’ போட்டு அடியில் ஒரு புள்ளி. அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் சிவப்பு மை. ஆறு பக்கம் வந்தது. கேம்ப் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் பன்னிரண்டு பிரதி எடுத்து, மறுநாள் கம்பெனி வண்டியிலேயே எல்லோருக்கும் கொடுத்தேன். மேடவாக்கம் கூட்டு ரோட்டு நெரிசலில் வண்டி நின்றபோது பதினோரு பேர் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். திவ்யா ‘ஆஞோஸ்’ என்பதை மட்டும் முப்பது தடவை சொன்னாள்.

ஒரு மாதத்தில், ‘என்ன சொன்னே, திரும்பச் சொல்லு’ என்று கேட்கிற கஸ்டமர்கள் குறைந்துபோனார்கள். நாங்கள் தாளைக் கீபோர்டுக்கு அடியில் ஒளித்து வைத்துப் பார்த்தோம். எங்களைத் தினமும் அழைத்துப் போகும் டிரைவர் அண்ணன் ஒருநாள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, தமிழ்லதானே எழுதிக்கீது, அப்புறம் எனக்கு ஏன் ஒண்ணும் புரியல?”

விருந்தாளி

டெக்சாஸ் கிளினிக்குகளிலிருந்து ஒரு அம்மா எங்களைப் பார்க்க வந்தார். பெயர் லூபே. மெக்சிகோவில் பிறந்து டெக்சாஸுக்குப் போய் வளர்ந்தவர். இரண்டு நாள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு போனாகக் கேட்டார். மூன்றாம் நாள் மீட்டிங்கில், எங்கள் ஜனங்களுக்கு நீங்கள் பேசுவது புரிகிறது, நிம்மதியாக இருக்கிறது, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். ஷீலா மேடம் பிரேம் சாரைக் காட்டினார். லூபே சந்தோஷமாக அவரிடம் ஸ்பானிஷில் ஏதோ கேட்க, அவர் பதில் சொன்னார். லூபே முகத்தைச் சுருக்கி, திரும்பச் சொல்லச் சொன்னார். அப்புறம் மரியாதைக்காக இங்கிலீஷுக்கு மாறிவிட்டார்.

நான் எழுந்தேன். தாளைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். இதைப் பார்த்துத்தான் படித்தோம், இது எங்கள் எழுத்து என்றேன். லூபே ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். ‘ஞ’ வந்த இடத்தில் நின்றார். “எங்களுக்குத் தலையில தொப்பி போட வேண்டியிருக்கு. நீங்க தனியா ஒரு எழுத்தே வச்சிருக்கீங்களே!” என்று சிரித்தார். அவரை ஏர்போர்ட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த ஷீலா மேடம் சிரிக்கவில்லை. “வெளியாள் முன்னாடி சார் மானத்தை வாங்கிட்டே. உனக்கு டீம் ஸ்பிரிட்டே கிடையாது.”

பைண்டு செய்த புத்தகம்

மூன்று மாதம் கழித்து அடுத்த பேட்ச் வந்தது. அவர்கள் கையில் பைண்டு செய்த புத்தகம். பிரித்தால் என் ஆறு பக்கம். அதே வரிசை, அதே சிவப்பு மை. ஆனால் தமிழ் எழுத்தை எடுத்துவிட்டு அத்தனையையும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தார்கள். அட்டையில் பிரேம் சார் பெயர். புத்தகத்தோடு அவர் அறைக்குப் போனேன். இங்கிலீஷ் எழுத்தில் போட்டால் மறுபடி இங்கிலீஷாகத்தானே படிப்பார்கள், இதை ஏன் எழுதினேன் என்றே உங்களுக்குப் புரியவில்லையா என்று கேட்டேன். பெயர் போனதைவிட அதுதான் எரிந்தது. தமிழில் இருந்தால் புரொஃபஷனலாக இல்லை என்றார். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதினது என்றேன். “கம்பெனி வேலைக்காக எழுதினது கம்பெனிக்குத்தான் சொந்தம், கேத்தி” என்றார். என் குரல் வெளியே கேட்டிருக்கிறது. ஃப்ளோரில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். நல்ல வேளை, அத்தா கடையைத் திறந்திருந்தார். கிளம்பும்போது புது பேட்ச் பெண் ஒருத்தி பின்னாலேயே வந்து, “அக்கா, தமிழ்ல ஒண்ணு இருக்காமே, கிடைக்குமா?” என்று கேட்டாள். என் கையில் இருந்த ஒரே மூலப் பிரதியை சுகுமாரிடம் கொடுத்தேன். அவன் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். “நீ பேஜார் வுடு கதீஜா. நாங்க ஜெராக்ஸ் போட்டுகினே இருப்போம், அவுங்க புடுங்கிகினே இருக்கட்டும்.”

இங்கிலீஷுக்கு ஒன்று, ஸ்பானிஷுக்கு ஒன்று என்று எங்கள் வாயை இரண்டு தடவை திருத்திய அந்தப் பெரிய மனிதர்கள் தங்கள் காதை ஒரே ஒரு தடவை திறந்து வைத்திருந்தால், இரண்டு திருத்தத்துக்குமே அவசியம் வந்திருக்காது.